வெளிச்சவீடு தன் பெயரை எப்படிச் சொல்கிறது? பெரிய பாஸஸ் பாறையை வைத்து ஓர் எளிய விளக்கம்

கொழும்புக் கோட்டையில், சம்போதி சைத்தியத்துக்குக் கிட்ட, அடியில் நான்கு சிங்கச் சிலைகளோடு நிற்கும் வெளிச்சவீடு ஒவ்வொரு 10 செக்கனிலும் மூன்று முறை மின்னும். கிரிந்தைக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பாறைமேல் நிற்கும் பெரிய பாஸஸ் வெளிச்சவீடு அதே 10 செக்கனில் ஒரு முறை மின்னும். அங்கிருந்து ஏறத்தாழ 20 கடல்மைல் வடகிழக்கே உள்ள சின்ன பாஸஸ் இரண்டு முறை. வெளிச்சவீடு என்ற ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள இந்த ஒன்று, இரண்டு, மூன்றில் இருந்து தொடங்குவதே சரி.

புதிதாகக் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரியும்?" என்றுதான். கப்பலில் இரவுக் காவலில் நிற்பவருக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "இது எந்த வெளிச்சவீடு?" இருட்டில் தெரியும் ஒரு வெள்ளைப் புள்ளி மீன்பிடிப் படகின் விளக்காக இருக்கலாம், கரையோர ஹோட்டலின் விளக்காக இருக்கலாம், எதிரே வரும் கப்பலாகவும் இருக்கலாம். பாஸஸ் இரண்டுமே ஏறத்தாழ 37 மீட்டர் உயரக் கருங்கல் கோபுரங்கள். ஒரே குடும்பத்து வடிவம். ஒன்றை மற்றதென்று நினைத்துச் சுக்கானைத் திருப்பினால், தான் நிற்கும் இடத்தைப் பற்றி 20 கடல்மைல் பிழையான எண்ணத்தோடு கப்பல் பாறைத் தொடருக்குள் போய்விடும். ஆகவே அந்த மின்னல் எண்ணிக்கைதான் வெளிச்சவீட்டின் பெயர். கல்லும் கண்ணாடியும் எண்ணெயும் மின்சாரமும் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல வைப்பதற்காகவே இருக்கின்றன.

மின்னலை எண்ணுவது

கடல் வரைபடத்தில் கொழும்பு வெளிச்சவீட்டின் பக்கத்தில் "எஃப்எல்(3) 10எஸ்" என்ற மாதிரி ஒரு சுருக்கம் இருக்கும். எஃப்எல் என்றால் மின்னும் விளக்கு: இருள் நேரம் கூட, ஒளி நேரம் குறைய. அடைப்புக்குள் இருப்பது ஒரு தொகுதியில் எத்தனை மின்னல் என்பது. 10எஸ் என்பது முழுச் சுற்றுக்கான செக்கன். அதற்குப் பிறகு வரும் இரண்டு எண்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். சிறிய 'எம்' போட்ட எண் கடல்மட்டத்தில் இருந்து விளக்கின் உயரம், மீட்டரில். பெரிய 'எம்' போட்டது தெரியும் தூரம், கடல்மைலில். இரண்டையும் மாற்றி வாசித்துவிட்டால் பின்னால் செய்யப்போகும் தூரக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

மின்னும் விளக்குக்கு நேர்மாறானது மறையும் விளக்கு. அது எரிந்துகொண்டே இருந்து இடையிடையே சற்று அணையும். ஒளியும் இருளும் சம நேரம் வருவது ஒரு வகை. நிமிடத்துக்கு 50, 60 தடவை படபடவென்று மின்னுவது இன்னொரு வகை. அணையாமல் எரியும் நிலையான விளக்கு பழைய காலத்தில் நிறைய இருந்தது. கரையில் மின்சார வெளிச்சம் பெருகிய பிறகு அதற்கும் வீட்டு விளக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதால், பெரிய வெளிச்சவீடுகள் அதைக் கைவிட்டன.

எண்ணும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு தொகுதியின் முதல் மின்னல் தொடங்கும் கணத்தில் நிறுத்துகடிகாரத்தை அழுத்துங்கள். அடுத்த தொகுதியின் முதல் மின்னல் தொடங்கும்போது ஒரு சுற்று முடிகிறது. ஒரு சுற்றோடு நிறுத்தாமல் மூன்று சுற்றுகளை எடுத்து மூன்றால் வகுக்க வேண்டும். 30 செக்கன் வந்தால் 10. கையின் தாமதம் அரை செக்கன் இருந்தாலும் அது மூன்றாகப் பங்கிடப்பட்டுவிடும். வழக்கமாக நடக்கும் பிழை, மின்னல் முடிந்த கணத்தில் இருந்து அடுத்தது தொடங்கும் கணம் வரை அளப்பது. அப்போது ஒளிரும் நேரம் கணக்கில் விடுபட்டு, 10 செக்கன் விளக்கு ஒன்பதரையாகத் தெரியும்.

சிறிய படகில் இன்னொரு சிக்கல் உண்டு. அலையின் பள்ளத்துக்குள் படகு இறங்கும்போது ஒரு மின்னல் தவறிவிடும். இரண்டு மின்னல் உள்ள சின்ன பாஸஸ் ஒரு மின்னல் உள்ள பெரிய பாஸஸாகத் தெரியும். இதைவிட ஆபத்தான குழப்பம் அந்தக் கடலில் இல்லை. ஆகவே அங்கே குறைந்தது ஐந்தாறு சுற்றுகளைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. ஒரு சுற்றிலாவது இரண்டு மின்னல் தெளிவாகத் தெரிந்தால் அது பெரிய பாஸஸ் அல்ல.

சுழலும் கண்ணாடி

இன்றைய எல்.ஈ.டி விளக்கில் மின்னலை உண்டாக்குவது ஒரு சிறிய மின்னணுச் சுற்று. 19ஆம் நூற்றாண்டில் அந்த வசதி இல்லை. எண்ணெய் விளக்கைச் செக்கனுக்குச் செக்கன் ஏற்றி அணைக்க முடியாது. விளக்கு எரிந்தபடியே இருக்க, அதைச் சுற்றியிருந்த வில்லையைச் சுழற்றினார்கள். ஒளிக்கற்றை உங்களைக் கடந்துபோகும் கணமே உங்களுக்கு மின்னல்.

அந்த வில்லையை அமைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஒகஸ்தீன் ஃபிரெனெல். 1823இல் பிரான்ஸின் கோர்துவான் வெளிச்சவீட்டில் அது முதலில் பொருத்தப்பட்டது. ஆளுயரத்துக்கு ஒரு முழுக் கண்ணாடி வில்லை செய்தால் அதன் எடையை எந்தக் கோபுரமும் தாங்காது. தடித்த கண்ணாடியே ஒளியில் பெரும்பங்கை விழுங்கியும் விடும். ஃபிரெனெல் வளைந்த மேற்பரப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருந்த வீண் தடிப்பை எடுத்துவிட்டார். நடுவில் ஒரு வட்ட வில்லை, அதைச் சுற்றிப் படிப்படியாக வளையங்கள். மேலும் கீழும் உள்ள அரியங்கள் ஒளியை முழு அகத்தெறிப்பால் திருப்பி, கடலை நோக்கிக் கிடையாக அனுப்புகின்றன. பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த முறிவும் தெறிப்பும்தான்; அங்கே கோபுர உச்சியில் இரும்புச் சட்டத்துக்குள் வேலை செய்கின்றன.

நான்கு முகங்கள் உள்ள வில்லை 40 செக்கனில் ஒரு சுற்றுச் சுற்றினால், 10 செக்கனுக்கு ஒரு கற்றை உங்களைக் கடக்கும். இரட்டை மின்னல் வேண்டுமானால் முகங்களைச் சம இடைவெளியில் வைக்காமல் இரண்டிரண்டாக நெருக்கி வைப்பார்கள். 40 செக்கனுக்கு 360 பாகை என்றால் செக்கனுக்கு 9 பாகை. கற்றையின் அகலம் 5 பாகையாக இருந்தால் மின்னல் அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாக நீடிக்கும். வேகமாகச் சுழற்றினால் மின்னல் குறுகி, தூரத்தில் இருக்கும் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும்.

சுழற்றியது பெரிய மணிக்கூட்டுப் பொறி. கோபுரத்தின் நடுவில் எடைக்கல் ஒன்று மெல்ல மெல்லக் கீழிறங்கும். அது அடியைத் தொடுமுன் காவலர் கைபிடியைச் சுற்றி மேலே ஏற்றியாக வேண்டும், இரவு முழுவதும். 1890களில் இருந்து வில்லைகளைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிடும் முறை வந்தது. தொன் கணக்கான கண்ணாடியை ஒரு விரலால் தள்ளலாம் என்ற அளவுக்கு உராய்வு குறைந்தது. அந்தப் பாதரச ஆவியை மூடிய அறையில் ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தவர்களின் உடல்நலம் அதற்கு விலையானது. பொறி பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே 10 செக்கன் விளக்கு 11 செக்கன் விளக்காகிவிடும். வரைபடத்தோடு பொருந்தாத விளக்கை மாலுமி நம்பமாட்டார். கடிகாரத்தைக் கையில் வைத்துச் சுழற்சியை அளப்பது அதனால்தான் காவலரின் அன்றாட வேலையாக இருந்தது.

விளக்கின் சுவாலை எங்கே நிற்கிறது என்பது இன்னும் நுட்பமான விஷயம். முதல்தரம் எனப்படும் பெரிய அளவு வில்லையின் குவியத் தூரம், அதாவது வில்லையில் இருந்து சுவாலை நிற்க வேண்டிய இடம் வரையான தூரம், 920 மில்லிமீட்டர். சுவாலை சரியான இடத்தில் இருந்து வெறும் 16 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் ஒளிக்கற்றை ஒரு பாகை மேலே கிளம்பும். 10 கிலோமீட்டர் தூரத்தில் அந்த ஒரு பாகை 175 மீட்டர்! கற்றையின் பிரகாசமான நடுப்பகுதி கப்பல் பாய்மரங்களுக்கு மேலாக வானத்துக்குப் போய்விடும்; விளக்கு நன்றாக எரிவதாகவே கோபுரத்தில் இருப்பவருக்குத் தோன்றும்.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 34 மீட்டர் உயரத்தில் இருந்து பார்த்தால் அடிவானம் கிடைமட்டத்துக்குக் கீழே, ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு தாழ்ந்து தெரியும். கற்றையை அந்த அளவு கீழே சாய்க்கச் சுவாலையைக் குவியத்தில் இருந்து இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் மேலே உயர்த்த வேண்டும். திரியைக் கத்தரிப்பதும் அளவுகோலை வைத்துப் பார்ப்பதும் காவலரின் பிடிவாதம் என்று வெளியே இருப்பவர் நினைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கடலில் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தவர் அப்படி நினைக்கமாட்டார்.

பகலில் அதே வில்லை எதிர்த்திசையில் வேலை செய்யும். வெளியில் இருந்து வரும் வெயிலை உள்ளே, விளக்கு நிற்கும் இடத்தில் குவித்துவிடும். விளக்கின் பாகங்கள் உருகும், தீயும் பிடிக்கும். விடிந்ததும் விளக்கறைக் கண்ணாடிகளுக்குத் திரை போடுவது அதனால்தான் கட்டாயம். நம்முடைய வெயிலுக்கு ஒரு நாள் மறந்தாலே போதும்.

எவ்வளவு தூரம் தெரியும்

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வரலாம். பூமி உருண்டை என்பதால், விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஒரு தூரத்துக்குப் பிறகு கடலே அதை மறைத்துவிடும். கணக்கு எளிது. விளக்கின் உயரத்துக்கு வர்க்கமூலம், உங்கள் கண்ணின் உயரத்துக்கு வர்க்கமூலம், இரண்டும் மீட்டரில், கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல்மைலில் விடை வரும்.

பெரிய பாஸஸின் விளக்கு கடலுக்கு மேல் ஏறத்தாழ 34 மீட்டர். வர்க்கமூலம் 5.83. சிறிய படகில் நிற்பவரின் கண் 2 மீட்டரில் இருந்தால் 1.41. கூட்டினால் 7.24, பெருக்கினால் 15 கடல்மைல், ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் பெரிய கொள்கலன் கப்பலின் மேல்தளத்தில் கண் 36 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் 6ஐக் கூட்ட வேண்டும்: 11.83, பெருக்க 24.6 கடல்மைல். ஒரே விளக்கு, ஒரே இரவு. பார்க்கும் உயரம் மாறியதால் 9 கடல்மைலுக்கும் கூடுதலான வித்தியாசம்.

வரைபடத்தில் போட்டிருக்கும் தூரம் இந்தக் கணக்கில் வந்ததல்ல. காற்றில் 10 கடல்மைல் தெளிவாகத் தெரியும் இரவில், விளக்கின் பிரகாசம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதே அந்த எண். பார்ப்பவரின் உயரம் அதில் சேராது. வரைபடத்தில் 25 என்று இருக்கிறதே என்று நம்பி, சிறிய படகில் 20 கடல்மைலில் காத்திருப்பவருக்கு விளக்கு தெரியாது. அது பழுதாகிவிட்டது என்று அவர் பிழையாக முடிவு கட்டுவார். இரண்டு தூரங்களில் குறைந்ததையே எப்போதும் எடுக்க வேண்டும். சோளகக் காற்றோடு மழை இறங்கினால் அதுவும் பாதியாகலாம்.

கடலோடிகள் இந்த வளைவையே பயன்படுத்தித் தூரம் அளக்கிறார்கள். முதலில் அடிவானத்துக்கு மேலே ஒரு மங்கலான ஒளிப்பரவல் தெரியும். அது விளக்கு அல்ல, கற்றை காற்றில் சிதறுவது. கொஞ்ச நேரத்தில் கூரான புள்ளி எழும். அந்தக் கணத்தில் நின்றபடி பார்த்துவிட்டு உடனே குந்துங்கள். குந்தியதும் புள்ளி மறைந்து, எழும்பியதும் திரும்பத் தெரிந்தால், நீங்கள் சரியாக வளைவின் எல்லையில் இருக்கிறீர்கள். மேலே செய்த கணக்கே உங்கள் தூரம். திசைகாட்டியில் அதன் கோணத்தையும் எடுத்தால் ஒரே விளக்கை வைத்து வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்துவிடலாம். ஜி.பி.எஸ் செயலிழந்த படகில் இதைவிட உதவியான வித்தை வேறில்லை.

உயரம் மட்டும் போதாது, முன்னால் மறைப்பும் இருக்கக்கூடாது. கோட்டையில் ஜனாதிபதி மாவத்தையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் இதற்குச் சாட்சி. 1857இல் கட்டப்பட்டு, பின்னர் உச்சியில் விளக்கு வைக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கொழும்பின் வெளிச்சவீடாக இருந்தது. சுற்றிலும் கட்டிடங்கள் எழுந்து கடலில் இருந்து அதை மறைத்ததால் 1952இல் கடலோரமாகப் புதியது கட்ட வேண்டியதாயிற்று. நகர விளக்குகள் பின்னணியில் பளிச்சிடும் கொழும்புக்கு மூன்று மின்னல் தொகுதி பொருத்தமானதே. ஒற்றை மின்னலைவிடக் கண் அதை எளிதாகப் பிரித்தெடுக்கும்.

பாறைமேல் கோபுரம் நிற்பது எப்படி

பெரிய பாஸஸ் பாறையைச் சிங்கள மக்கள் மகா ராவணா கொட்டுவ என்பார்கள். யால வனத்தின் தென்கரைக்கு அப்பால், கரையில் இருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நீருக்கு மேலே கொஞ்சமாகத் தலைகாட்டும் பாறைத் தொடர் அது. இலங்கையைத் தெற்கால் சுற்றி வங்காள விரிகுடாவுக்குள் திரும்பும் கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும்.

முதல் திட்டம் வார்ப்பிரும்புக் கோபுரம். ஏறத்தாழ 40,000 பவுண் செலவான பிறகும் பாறையில் வேலை தொடங்கவே முடியாமல் அது கைவிடப்பட்டது. பிறகு ஜேம்ஸ் டக்ளஸ் வரைந்த கருங்கல் கோபுரம் ஏற்கப்பட்டு, அவருடைய சகோதரர் வில்லியம் டக்ளஸின் மேற்பார்வையில் 1870இல் வேலை தொடங்கி, 1873இல் விளக்கு ஏற்றப்பட்டது. சின்ன பாஸஸ் 1878இல்.

கற்கள் ஸ்கொட்லாந்தில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. இங்கே வெட்டிப் பார்த்துச் சரிசெய்ய நேரமோ இடமோ இல்லை. பருவக்காற்றுகள் ஓயும் குறுகிய காலத்தில்தான் பாறையில் கால் வைக்கவே முடியும். அடியில் 32 அடி விட்டமுள்ள நேரான உருளை. அதன்மேல் 23 அடி விட்டத்தில் தொடங்கி ஒடுங்கும் 67 அடி 5 அங்குலக் கோபுரம். சுவர் அடியில் 5 அடித் தடிப்பு, உச்சியில் 2 அடி. மொத்தம் ஏறத்தாழ 2,768 தொன் கல்.

அந்த உருளை வடிவத்துக்குக் காரணம் உண்டு. அடி சரிவாக விரிந்திருந்தால் மோதும் அலை அந்தச் சரிவிலேயே ஏறி விளக்கறைக் கண்ணாடி வரை போய்விடும். நேர்குத்தான உருளையில் மோதும் அலை அங்கேயே உடைந்து சிதறும். உருளையின் மேல்விளிம்பு ஆட்கள் இறங்கவும் பொருள் ஏற்றவும் ஒரு மேடையாகவும் ஆகிவிடுகிறது. கற்களைச் சாந்து மட்டும் பிடித்து வைத்திருக்கவில்லை. தச்சர்கள் அலுமாரி இழுப்பறையின் மூலையில் போடும் புறாவால் மூட்டுப் போல ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடும் மேல் கீழ்க் கல்லோடும் கோத்துக்கொள்ளும். ஒரு கல்லை அலை பிடுங்க வேண்டுமானால் அதன் அயலில் உள்ள அத்தனையையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகும் கோபுரம் நிற்கிறது.

இன்றைய பராமரிப்பு

தானியங்கி விளக்கு வந்தபின் செலவு குறைந்தது. கடல் உப்பு குறையவில்லை. விளக்கறைக் கண்ணாடியில் படியும் உப்பைக் காய்ந்த துணியால் தேய்ப்பதே முதல் பிழை. உப்புப் பளிங்கும் மணலும் கண்ணாடியைக் கீறும். கீறல் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கரைத்து ஓடவிட வேண்டும், பிறகுதான் மென்துணி. நடுக்கடல் பாறையில் நல்ல தண்ணீரும் படகில்தான் வந்தாக வேண்டும்.

சோலார் தகட்டில் பறவை எச்சம் விழுந்தால், ஒரு மூலை மறைந்தாலே அந்தத் தகட்டின் உற்பத்தி பெருமளவு விழும். பற்றரிக் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். விளக்கும் அதன் கருவிகளும் சேர்ந்து சராசரி 40 வோட் எடுத்து, 12 மணித்தியாலம் எரிந்தால் ஓர் இரவுக்கு 480 வோட்-மணி. வெயில் இல்லாத ஐந்து நாளைத் தாங்க 2,400. 12 வோல்ற்றில் அது 200 அம்பியர்-மணி. ஈய அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் கெடும். ஆகவே பொருத்த வேண்டியது 400. இந்தக் கடைசி இரட்டிப்பை விட்டுவிட்டுச் செலவு மிச்சம் பிடிக்கும் அமைப்புகள்தான் மழைக்காலத்தின் நடுவில் அணைந்துபோகின்றன. திருத்தப் படகு போக முடியாத மாதங்களும் அவையே.

விளக்கின் மின்னல் வரைபடத்தோடு பொருந்தவில்லை என்றால், முதலில் ஐந்தாறு சுற்று திரும்ப எண்ணுங்கள். அடுத்து, உங்கள் வரைபடம் புதியதா என்று பாருங்கள். மின்னல் முறைகள் மாற்றப்படுவதுண்டு, மாற்றங்கள் கடலோடிகளுக்கான அறிவித்தல்களில் வெளியாகும். அதற்குப் பிறகும் பொருந்தாவிட்டால், அது நீங்கள் நினைத்த வெளிச்சவீடு அல்ல என்று வைத்துக்கொண்டு, ஆழமான கடல் பக்கமாகத் திரும்பி, வேறொரு விளக்காலோ ஆழமானியாலோ இடத்தை உறுதிப்படுத்துங்கள். விளக்கே அணைந்திருக்கிறது என்று தெரிந்தால் நேரத்தையும் உங்கள் இடத்தையும் குறித்து, வானொலியில் அருகில் உள்ள துறைமுகத்துக்கோ கடற்படைக்கோ உடனே அறிவியுங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் படகு அதே விளக்கைத் தேடிக்கொண்டிருக்கும்.